ஸ்லாட் இருக்கு, மந்திரம் இல்லை: கிளெரிக் 5 / விஸார்ட் 5-க்கு என்ன வழி?

இருபதுமுகன்:
டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், பகடை உருட்டிக் கதாபாத்திரமாக ஆடும் ஆட்டம்) ஐந்தாம் பதிப்பு, 2014 விதிகள், பத்தாம் லெவல் ஆட்டம். நான்தான் டிஎம், அதாவது ஆட்டத்தை நடத்துபவன். கிளெரிக் (தெய்வ அருளால் மந்திரம் போடும் வகுப்பு) 5 லெவல், விஸார்ட் (படித்து மந்திரம் போடும் வகுப்பு) 5 லெவல் என்று சரிபாதியாக வளர்த்துவந்த ஒரு தோழி எங்கள் குழுவில் இருக்கிறாள். போன ஞாயிறு அவள் கூட்டாளி ரோக் (திருடன் வகுப்பு) பள்ளத்தில் விழுந்து செத்தான். கயிறு கட்டி இறங்குவதற்குள் ஆட்டக் கணக்கில் ஏழு நிமிடம் போய்விட்டது. செத்தவரை எழுப்பும் ரிவிவிஃபை மந்திரம் இருந்தது, ஆனால் அதை ஒரு நிமிடத்துக்குள் போடணும். அதே வேலை செய்யும் ரெய்ஸ் டெட்டுக்குப் பத்து நாள் அவகாசம் உண்டு, ஆனால் அது ஐந்தாம் படி மந்திரம். (கேரக்டர் லெவலோடு குழம்பாமல் இருக்க மந்திரத்தின் லெவலைப் ‘படி’ என்கிறேன்.)

அவள் தாளில் ஐந்தாம் படி ஸ்லாட் (ஒரு மந்திரத்தைப் போடச் செலவழிக்கும் கட்டம்) இரண்டும் தொடாமல் கிடந்தன. ஸ்லாட்டுக்கு இரண்டு வகுப்பின் லெவலையும் கூட்டிப் பத்து என்கிறது விதி. மந்திரத்துக்கு மட்டும் தனித்தனியாக ஐந்து, ஐந்து. அதனால் இரண்டு பக்கமும் மூன்றாம் படியோடு நின்றுவிடுகிறது. அவள் அந்தக் கட்டங்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்கு மனசு கேட்கவில்லை.

என் யோசனை: மந்திரம் எந்தப் படி வரை என்று பார்க்கும்போது மட்டும், மற்ற வகுப்பு லெவலில் பாதியைச் சேர்த்துக்கொள்ளலாம், பின்னம் வந்தால் விட்டுவிடலாம். 5+2=7, அதாவது நான்காம் படி (இரண்டு லெவலுக்கு ஒரு படி ஏறும்). எத்தனை மந்திரம் தயார் செய்யலாம் என்ற எண்ணிக்கை மாறாது.

குகைக்காவல்:
நான் இதை ஏத்துக்க மாட்டேன் சகோ. அந்த ஸ்லாட் வீண்னு யார் சொன்னது? மூணாம் படி மந்திரமான ஃபயர்பாலை ஐந்தாம் படி ஸ்லாட்ல போட்டா ஆறுமுகப் பகடை பத்து, சராசரி 35. சுத்த விஸார்ட் அதே ஸ்லாட்ல ஐந்தாம் படி மந்திரமான கோன் ஆஃப் கோல்ட் போட்டா எட்டுமுகப் பகடை எட்டு, சராசரி 36. வித்தியாசம் ஒண்ணே ஒண்ணு! கிளெரிக்கோட ஸ்பிரிட் கார்டியன்ஸ் மந்திரத்தோட சேதம் மூணு பகடையிலிருந்து அஞ்சு பகடைக்கு ஏறும். எதிரி ஐந்தாம் படி மந்திரம் போட்டா, அதே படி ஸ்லாட்ல கவுண்டர்ஸ்பெல் போட்டுப் பகடையே உருட்டாம அறுக்கலாம். ரெண்டு வகுப்போட பட்டியலும் கையில இருக்கு. அதுக்குக் கொடுக்கற விலைதான் இந்தத் தாமதம்.

இருபதுமுகன்:
சேதக் கணக்கில் நீங்கள் சொல்வது சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கண்ணுக்குத் தெரியாத தடுப்புச் சுவர் எழுப்பும் வால் ஆஃப் ஃபோர்ஸுக்கு எந்த மூன்றாம் படி மந்திரம் ஈடு? ரெய்ஸ் டெட்டுக்கு எது ஈடு? எண்ணிக்கையால் ஏறும் மந்திரம் வேறு, கதவைத் திறக்கும் மந்திரம் வேறு. இரண்டாவது வகையை எவ்வளவு பெரிய ஸ்லாட் கொடுத்தாலும் வாங்க முடியாது.

பழையதாள்:
இது புதுப் பிரச்சினை இல்லை, தம்பிகளா. 1978 விதிகளில் அரை-எல்ஃப் ஒருவன் கிளெரிக்காகவும் மேஜிக்-யூசராகவும் (விஸார்டின் பழைய பெயர்) சேர்ந்தே வளரலாம், எக்ஸ்பி (அனுபவப் புள்ளி) இரண்டாகப் பிரியும். அப்போதெல்லாம் அடுத்த லெவலுக்கான எக்ஸ்பி ஏறக்குறைய இரட்டிப்பாகிக்கொண்டே போகும். அதனால் பாதி கிடைத்தாலும் ஒன்றிரண்டு லெவல்தான் பின்தங்குவான். 2000-இல் மூன்றாம் பதிப்பு வந்ததும் அந்த ஏணி போனது. சரிபாதிக்காரன் சரிந்தான். அவனைத் தூக்கத்தான் 2003-இல் 3.5 விதிகளில் இரண்டு பக்க மந்திரத்தையும் சேர்த்தே வளர்க்கும் மிஸ்டிக் தியர்ஜ் வகுப்பு வந்தது. விஸார்ட் 3, கிளெரிக் 3, அதன்மேல் தியர்ஜ் 4: பத்தாம் லெவலில் இரண்டு பக்கமும் ஏழாக மந்திரம் போடுவான். இருபதுமுகன், உங்கள் கணக்கும் அதே ஏழில்தான் வந்து நிற்கிறது. அவனுக்கு ஸ்லாட்டும் இரண்டு தொகுப்பு. உங்களுடையதில் ஒன்றுதான். அதைவிட அடக்கமான விதி இது.

குகைக்காவல்:
பழையதாள் ஐயா, தகவலுக்கு நன்றி. ஆனா என் கவலை சரிபாதிக்காரன் இல்லை, ஒரு லெவல் மட்டும் நக்கிட்டுப் போறவன். விஸார்ட் 9, கிளெரிக் 1-ஐ இந்த விதியில வச்சுப் பாருங்க. கிளெரிக் பக்கம் 1+4=5. ஒரே ஒரு லெவல் எடுத்தவனுக்கு ரிவிவிஃபையும் ஸ்பிரிட் கார்டியன்ஸும் இலவசம்!

அந்த ஒரு லெவலுக்கு இப்பவே எவ்வளவு கிடைக்குது தெரியுமா? மீடியம் ஆர்மர், கேடயம். டெக்ஸ் (சுறுசுறுப்பு) 14 இருக்கற விஸார்ட் 50 பொற்காசு ஸ்கேல் மெயிலும் கேடயமும் மாட்டினா ஏசி (அடி விழ எதிரி எட்ட வேண்டிய எண்) 18. ஷீல்ட் மந்திரம் போட்டா 23. என் ஆட்டத்துல ஓக்ர் அரக்கர் கூட்டம் ஒண்ணு நாலு சுத்து அடிச்சும் அவன்மேல ஒரு அடி விழலை. முன்னாடி நின்ன ஃபைட்டர் ரெண்டு தடவை சாய்ஞ்சான். அந்தப் பையன் முகம் வாடினது இன்னும் கண்ணுல நிக்குது. இவனுக்கு மேலயும் கொடுக்கணுமா?

இருபதுமுகன்:
ஓட்டையைச் சரியாகப் பிடித்தீர்கள், நான் பார்க்கவே இல்லை. அப்படியென்றால் ஒரு வரம்பு: சேர்க்கும் எண் அந்த வகுப்பின் சொந்த லெவலைத் தாண்டக் கூடாது. உங்கள் ஆளுக்குக் கிளெரிக் பக்கம் 1+1=2, முதல் படியோடு சரி. சரிபாதிக்காரிக்கு ஏழு குறையாது. 7, 7 என்று பதினாலாம் லெவலுக்குப் போனால் 7+3=10, ஐந்தாம் படி. அப்போது சுத்த விஸார்ட் ஏழாம் படியில் இருப்பான். இரண்டு படி பின்னால்தான், முந்தவே மாட்டாள்.

நீங்கள் சொன்ன கவச விஷயமும் என் வாதத்துக்குத்தான் பலம் சேர்க்கிறது. ஒரு லெவல் தொட்டவனுக்கு ஒரு லெவல் தாமதத்தோடு கவசம். இரண்டையும் நேர்மையாக வளர்த்தவளுக்கு இரண்டு படி நஷ்டம். விதி தண்டிப்பது தப்பான ஆளை.

பழையதாள்:
2024 விதிகளில் எல்லா வகுப்புக்கும் சப்-கிளாஸ் (வகுப்புக்குள் தேர்ந்தெடுக்கும் உட்பிரிவு) மூன்றாம் லெவலில்தான். ஒரே லெவலில் அள்ளுவதைக் குறைக்க அது ஒரு வழி. கவசத்தையும் அப்படியே தள்ளிவைக்கலாம்: இரண்டாவதாக எடுத்த வகுப்பின் கவசப் பயிற்சி அந்த வகுப்பில் மூன்றாம் லெவல் வந்த பிறகுதான்.

குகைக்காவல்:
கவசத்தைத் தள்ளிவச்சா நான் பாதி வழி வரேன். வரம்போட உங்க விதியை ரெண்டு மூணு ஆட்டம் ஓட்டிப் பாக்கலாம். ஆனா பத்தாம் லெவலுக்கு மேல 8, 4 மாதிரி கலவைகளைக் கணக்குப் போட்டுப் பாக்காம நிரந்தரம்னு எழுதாதீங்க. ஒண்ணு கேக்கணும். நாலாம் படி வந்தாலும் உங்க தோழிக்கு அந்த ரெய்ஸ் டெட் கிடைச்சிருக்காதே?

இருபதுமுகன்:
கிடைத்திருக்காது. அன்று ராத்திரி அதை அவளிடமே சொன்னேன். ரோக்கின் உடலுக்கு ஜென்டில் ரிபோஸ் (உடல் கெடாமல் காக்கும் மந்திரம்) போட்டுத் தூக்கிக்கொண்டு நடக்கிறார்கள், கோயில் நகரம் ஆறு நாள் தூரம். 8, 4 கணக்கை இப்போதே போட்டேன்: பெரிய பக்கம் 8+2=10, ஐந்தாம் படி. சின்ன பக்கம் 4+4=8, நான்காம் படி. சின்ன பக்கம் கொஞ்சம் தாராளம்தான். சனிக்கிழமை ஓட்டிப் பார்த்துவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.