கடைமடைக் குடும்பம் (வாட்ஸ்அப் குழு)

ஜூன் 21

தம்பி, காலை 6:42
[படம்] நம் வாய்க்காலில் தண்ணீர் நுழையும் தலைப்பு, இன்று காலை எடுத்தது. நடுவில் நாய் படுத்திருக்கிறது பாருங்கள். மேட்டூரில் 12ஆம் தேதி திறந்தார்கள். இன்றோடு ஒன்பது நாள். நாற்றங்காலை உழுது போட்டுவிட்டுக் காத்திருக்கிறேன்.

மேலத்தெரு அத்தை
அது நம் வீட்டு நாய்தான்டா. நேற்றிலிருந்து சோற்றுக்கு வரவில்லை.

மேலத்தெரு அத்தை
[பலமுறை பகிரப்பட்ட செய்தி] தண்ணீரை எல்லாம் கொள்ளிடத்தில் விட்டுவிட்டார்களாம். நிஜமா அண்ணே?

லஸ்கர் பெரியப்பா
அந்த மெசேஜை முதலில் அழி தங்கச்சி. இந்த நேரத்தில் கொள்ளிடத்துக்குப் பெயருக்குக் கொஞ்சம் போகும், அவ்வளவுதான். வெள்ளம் வந்தால்தான் அங்கே திருப்புவார்கள். கொள்ளிடம் பள்ளம், நேர் ஓட்டம். சும்மா விட்டால் தண்ணீர் அந்தப் பக்கமே ஓடிவிடும் என்றுதான் 1836இல், காவிரியும் கொள்ளிடமும் பிரியும் முக்கொம்பில் மேலணை கட்டினார்கள்.

தம்பி
சரி பெரியப்பா, ஒன்பது நாளாக அந்தத் தண்ணீர் எங்கேதான் போகிறது?

லஸ்கர் பெரியப்பா
கல்லணைக்கு வரவே மூன்று, நான்கு நாள். அதற்கப்புறம் வெண்ணாறு, அது மூன்றாகப் பிரியும் நீடாமங்கலம் மூணாறு தலைப்பு, அங்கிருந்து கிளை, கிளைக்குக் கிளை. ஜனவரி 28இல் அணையை அடைத்தது. நாலரை மாதம் காய்ந்த மணல். ஆறு தான் குடித்துவிட்டுத்தான் நமக்குத் தரும்.

லஸ்கர் பெரியப்பா
நான் மதகு திறந்து மூடும் லஸ்கராக வேலைக்குச் சேர்ந்த புதிதில் சித்திரை வெயிலில்கூட ஆற்றில் முழங்கை ஆழம் பறித்தால் ஊற்று வந்துவிடும். இப்போது ஆள் ஆழம் தோண்டினாலும் வறண்ட மண்தான். இரண்டு கரையிலும் போர்வெல், மணலையும் அள்ளியாகிவிட்டது. அடியில் எவ்வளவு காலியோ அவ்வளவும் நிரம்பினால்தான் மேலே ஓடும். ஒருமுறை வெண்ணாற்றில் வந்த முதல் தண்ணீரின் முனையைச் சைக்கிளில் தொடர்ந்து போனேன். கடையில் ஒரு டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால், நாலு பனைமரத் தூரம்தான் நகர்ந்திருந்தது.

மடிக்கேரி அண்ணன்
காவிரி பிறக்கும் இந்தக் குடகில் ஐந்து நாளாகச் சூரியனையே பார்க்கவில்லை. துவைத்த சட்டை காயாமல் நாறுகிறது. இவ்வளவு பெய்தும் மேட்டூர் ஏன் ஏறவில்லை என்று அத்தை நேற்று போனில் கேட்டார்கள்.

மேலத்தெரு அத்தை
ஆமாம், நீ பதிலே சொல்லவில்லை.

மடிக்கேரி அண்ணன்
எஸ்டேட் மேஸ்திரி சொன்னதைச் சொல்கிறேன். ஜூன் மழை காட்டுக்குச் சொந்தமாம். மரத்தடியில் சருகு கணுக்கால் வரை கிடக்கிறது, கால் வைத்தால் மெத்தை மாதிரி அமுங்கும். முதல் மழையை எல்லாம் அது உறிஞ்சிக்கொள்ளும். நேற்று அவ்வளவு கொட்டியும் பக்கத்து ஓடை தெளிவாகத்தான் ஓடியது. ஜூலையில் இதே அளவு மழை பெய்தால் சாயங்காலமே ஓடை செந்நிறத்தில் கரைபுரளும். போன வருடம் நானே பார்த்தேன்.

மடிக்கேரி அண்ணன்
இன்னொன்று. இங்கிருந்து மைசூர் 120 கிலோமீட்டர்தான். பஸ்ஸில் பாதி வழியிலேயே குடையை மடக்கிவிடலாம். மேகம் மலையில் மோதி இந்தப் பக்கமே கொட்டித் தீர்த்துவிடுகிறது.

லஸ்கர் பெரியப்பா
மலைத் தண்ணீர் வந்தாலும் முதலில் கிருஷ்ணராஜ சாகர் அணை நிரம்ப வேண்டும். கபினி சின்ன அணை, வயநாட்டு மழைக்குச் சீக்கிரம் நிரம்பும். அது வழிந்தால் மாநில எல்லையில் பிலிகுண்டுலுவில் தண்ணீர் கூடும், அப்புறம்தான் மேட்டூர். தங்கச்சி, டிவியில் கனஅடி என்று சொன்னதும் பயந்துவிடாதே. விநாடிக்கு 11,574 கனஅடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால்தான் ஒரு டிஎம்சி, அதாவது நூறு கோடி கனஅடி. மேட்டூர் கொள்ளளவு 93.47 டிஎம்சி. கணக்குப் போட்டுக்கொள்.

மேலத்தெரு அத்தை
கணக்கு நீங்களே போடுங்கள் அண்ணே. என் கோழிக்குஞ்சு ஒன்று வயல் வெடிப்பில் விழுந்துவிட்டது. பாப்பா கையை விட்டுத் தோள் வரை துழாவி எடுத்தாள்.

பாப்பா
தோள் வரை இல்லை அத்தை, முழங்கை வரைதான் 😄 ஆனால் அந்த வெடிப்பைப் பார்த்ததும் ஒரு யோசனை வந்தது. அண்ணனை ஒரு குடம் தண்ணீரை ஊற்றச் சொன்னேன்.

தம்பி
[வீடியோ] ஊற்றி நிமிர்வதற்குள் காணோம். பக்கத்து மண்கூட நனையவில்லை!

பாப்பா
வேளாண் கல்லூரியில் இதைப் படித்திருக்கிறோம், ஆனால் நம் வயலில் பார்ப்பது வேறு. நம் களிமண் காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். தண்ணீர் மேல்மண்ணை நனைக்காமல் வெடிப்பு வழியே நேராக உள்ளே போய்விடும். நனைய நனைய மண் உப்பி வெடிப்பு மூடிக்கொள்ளும். அதற்கப்புறம் ஒரு நாளைக்குச் சில மில்லிமீட்டர்தான் இறங்கும். அதனால் முதல் தண்ணீருக்குத்தான் செலவு அதிகம்.

ஒரத்தநாட்டு மாமா
கொடுத்து வைத்தவர்கள். புது ஆற்றுப் (கல்லணைக் கால்வாய்) பாசனத்தில் எங்கள் மண் செம்மண்ணும் மணலும். காலையில் தண்ணீர் கட்டினால் மறுநாள் காலை தரை தெரிகிறது. நீங்கள் ஒருமுறை நிரப்பினால் வாரக்கணக்கில் நிற்கும்.

தம்பி
நிற்கும் மாமா, நிற்கும். ஐப்பசியில் வந்து பாருங்கள், வேண்டாம் என்றாலும் நிற்கும்.

ஜூன் 28

தம்பி, காலை 5:55
[படம்] வந்துவிட்டது!!! நுரையும் சருகும் செருப்புமாக வருகிறது. ஒரு தண்ணீர்ப்பாம்பும் வந்தது. அத்தை, நாய் எழுந்துவிட்டது.

லஸ்கர் பெரியப்பா
தலைப்பை முழுக்கத் திறக்காதே. முதல் மூன்று நாள் கடைசி மடைக்கு விடு. வாய்க்கால் நனைந்தால்தான் பின்னால் வரும் தண்ணீர் ஓடும். நீயே வழியில் மறித்தால் உனக்கும் நாலு நாளில் நின்றுவிடும்.

தம்பி
எங்களுக்கு மேலே இருப்பவர் மறித்திருக்கிறாரே, அவரிடம் யார் சொல்வது?

லஸ்கர் பெரியப்பா
நான் சாயங்காலம் வருகிறேன். அவரிடம் நீ எதுவும் பேசாதே.

நவம்பர் 20

தம்பி, காலை 5:10
[படம்] மூன்று நாள் மழையில் வரப்பே தெரியவில்லை. பயிர் நுனி மட்டும் தெரிகிறது.

மேலத்தெரு அத்தை
இங்கே திண்ணையின் முதல் படி போய்விட்டது.

மடிக்கேரி அண்ணன்
இங்கே நல்ல வெயில். காப்பி பழுக்கத் தொடங்கிவிட்டது. மேட்டூரில் இன்னும் திறந்து விடுகிறார்களா என்ன?

லஸ்கர் பெரியப்பா
குறைத்துவிட்டார்கள். இது மேட்டூர்த் தண்ணீர் இல்லை, நம் தலையிலேயே கொட்டியது. உங்கள் பக்கம் தென்மேற்குப் பருவம், எங்களுக்கு வடகிழக்கு. ஆடியில் உங்கள் மழைக்கு ஏங்குவோம், கார்த்திகையில் எங்கள் மழையை வடிக்க அலைவோம்.

தம்பி
ஜூனில் குடம் ஊற்றிய இடத்தில் ஒரு குச்சி நட்டு வைத்தேன். முந்தாநாளிலிருந்து தண்ணீர் ஒரு விரல்கூட இறங்கவில்லை பாப்பா.

பாப்பா
இறங்காது அண்ணா. மண் உப்பி மூடிவிட்டது, சேற்றில் உழுது தொளியடித்ததில் அடியும் இறுகியிருக்கும். பக்கவாட்டில் வடிந்தால்தான் உண்டு. வடிகால் எப்படி இருக்கிறது?

தம்பி
வெங்காயத்தாமரை. அதற்குக் கீழே நெய்வேலிக் காட்டாமணக்கு. தூர் வாரியதாகக் கணக்கில் இருக்கிறதாம்.

லஸ்கர் பெரியப்பா
வடிகாலைச் சுத்தம் செய்தாலும் அது போய்ச் சேர்வது கடல். இன்று அமாவாசை. நம் நிலமோ தட்டு மாதிரி சமம். கடல் ஒரு முழம் ஏறினாலே வடிகால் தண்ணீர் தேங்கி நின்றுவிடும். கடலுக்கு முன்னால் உள்ள கடைசி ரெகுலேட்டரில் (தடுப்பு மதகில்) ஷட்டரை இறக்கினால் தண்ணீர் வடியாது, ஏற்றினால் உப்புத்தண்ணீர் உள்ளே வரும். ஷட்டர் சக்கரத்தில் கை வைத்துக்கொண்டு கடலையே பார்த்துக்கொண்டு எத்தனை ராத்திரி நின்றிருக்கிறேன் தெரியுமா.

தம்பி
அப்படியென்றால் எப்போதுதான் வடியும் பெரியப்பா? இன்னும் இரண்டு நாள் மூழ்கிக் கிடந்தால் பயிர் அழுகிவிடும்.

லஸ்கர் பெரியப்பா
மதியம் மூன்று மணி வாக்கில் கடல் இறங்கும். ஷட்டரை ஏற்றுவார்கள், நான் போன் போட்டுக் கேட்டுவிட்டேன். அதற்குள் நம் வடிகாலில் பாலத்தடி அடைப்பை எடுத்துவிட வேண்டும். அரிவாள், கயிறு, நாலு ஆள். மேலே மறித்தாரே, அவரையும் கூப்பிடு. அவர் வயலும் இதே வடிகாலில்தான் வடிய வேண்டும்.

மேலத்தெரு அத்தை
எல்லாருக்கும் சோறு நான் கட்டித் தருகிறேன். பாலத்துக்கு வடக்கே வராதீர்கள், அங்கே இடுப்பளவு தண்ணீர்.

தம்பி
அவர் இப்போதே பாலத்தில்தான் நிற்கிறார், கையில் அரிவாளோடு. கிளம்புகிறேன்.