அமெரிக்காவும் சீனாவும் மோதியே தீருமா?

அல்சூர்வாசி:
அல்சூர் ஏரிக்கரைக்கு மாலை நடைக்கு வரும் நண்பர் ஒருவர், அமெரிக்காவும் சீனாவும் என்றாவது ஒருநாள் போரில் இறங்கியே தீரும் என்று அடித்துச் சொன்னார். ஏதென்ஸின் வளர்ச்சியும் அது ஸ்பார்ட்டாவுக்கு ஊட்டிய அச்சமுமே போரைத் தவிர்க்க முடியாததாக்கின என்று பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதியதையும், கடந்த ஐந்நூறு ஆண்டுகளில் வளரும் வல்லரசு ஒன்று முதல் வல்லரசை எதிர்கொண்ட 16 போட்டிகளில் 12 போரில் முடிந்தன என்று ஹார்வர்டு பேராசிரியர் கிரகாம் அலிசன் கணக்கிட்டதையும் அவர் சான்றாகக் காட்டினார். எனக்கு உடன்பாடில்லை. மீதி நான்கை யாரும் நிதானமாகப் படிப்பதில்லை என்பதே என் வருத்தம். 1895இல் வெனிசுலாவுக்கும் பிரிட்டிஷ் கயானாவுக்கும் இடையிலான எல்லைத் தகராறில் அமெரிக்கா தலையிட்டு, நடுவர் தீர்ப்புக்கு வந்தே ஆக வேண்டும் என்று அன்றைய முதல் வல்லரசான பிரிட்டனை நெருக்கியது. முதலில் மறுத்த பிரிட்டிஷ் பிரதமர் சாலிஸ்பரியின் அரசு பின்னர் இணங்கியது. 1901இல், மத்திய அமெரிக்காவில் வெட்டப்படவிருந்த கால்வாயில் தனக்கிருந்த சம உரிமையையும் பிரிட்டன் விட்டுக்கொடுத்தது. அங்கே போரைத் தவிர்த்தது மனிதர்கள் எடுத்த முடிவுதான்.

பீன்யா பட்டறைக்காரர்:
ஐயா, பிரிட்டன் விட்டுக்கொடுத்தது தூரத்துத் தோட்டத்தின் வேலியை. வீட்டுத் திண்ணையை அல்ல. 1898 முதல் ஜெர்மனி பக்கத்துக் கடலிலேயே கடற்படையைப் பெருக்கியபோது, அதே பிரிட்டன் 1906இல் டிரெட்நாட் என்ற புதுவகைப் போர்க்கப்பலை இறக்கிப் போட்டியை இன்னும் கூட்டியது. இரு நாடுகளும் ஒன்றுக்கொன்று பெரிய வாடிக்கையாளர்களாக இருந்தும் 1914இல் முதல் உலகப் போர் வந்தது. பெய்ஜிங்கின் பார்வையில் தைவான் திண்ணையா, தோட்டமா என்பதை நீங்களே சொல்லுங்கள்.

வணிகம் இருக்கும்வரை போர் வராது என்பவர்கள் ஒருமுறை என் பட்டறைக்கு வர வேண்டும். மின்சார ஸ்கூட்டரின் சக்கர மோட்டாரில் கட்டைவிரல் அகலக் காந்தத் துண்டுகளை உள்வளையத்தைச் சுற்றி வரிசையாக ஒட்டுவோம். கவனம் தப்பினால் இரண்டு துண்டுகள் பாய்ந்து ஒட்டி விரல் நகத்தை நசுக்கிவிடும். சூட்டிலும் அவற்றின் வலு குறையாதிருக்கச் சேர்க்கும் டிஸ்ப்ரோசியம் உட்பட ஏழு அரிய மண் தனிமங்களுக்கும் அவை கலந்த காந்தங்களுக்கும் 2025 ஏப்ரலில் சீனா ஏற்றுமதி உரிமத்தைக் கட்டாயமாக்கியது. அமெரிக்க வரிக்குப் பதிலடியாக வந்த அந்த ஆணைக்குப் பிறகு, காந்தம் எதற்குப் பயன்படப்போகிறது என்று உறுதிமொழி எழுதிக் கொடுத்துவிட்டு வாரக்கணக்கில் காத்திருந்தவர்கள் நாங்கள். இரண்டு யானைகளும் முட்டிக்கொள்ளத் தொடங்கியாயிற்று; மிதிபடும் புல் நாங்கள்.

ஒயிட்ஃபீல்டு நண்பர்:
நான் சிப் வடிவமைப்பில் வேலை செய்கிறேன். 2022 அக்டோபரில் அமெரிக்கா உயர்ரக சிப்களையும் அவற்றைச் செய்யும் கருவிகளையும் சீனாவுக்கு மறுத்ததையும் இதோடு சேர்த்தே பார்க்க வேண்டும். ஆனால் 2025 ஏப்ரலில் 145 சதவீதம் வரை ஏறிய அமெரிக்க வரி, மே மாதம் ஜெனீவா பேச்சுக்குப் பிறகு 30 சதவீதத்துக்கு இறங்கியது. ஒருவர் குரல்வளை மற்றவர் கையில் இருப்பதால்தான் இருவருமே பின்வாங்கினார்கள் என்று நான் நினைக்கிறேன்.

அல்சூர்வாசி:
பட்டறைக்காரர் படும் பாட்டை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் 1914இல் தீப்பொறி விழுந்தது பிரிட்டனுக்கும் ஜெர்மனிக்கும் நடுவே அல்ல, ஆஸ்திரிய இளவரசர் சுட்டுக் கொல்லப்பட்ட சரயேவோவில். எனக்கு அச்சம் தருவது அத்தகைய தற்செயல்தான். 2001 ஏப்ரல் 1 அன்று ஹைனான் தீவுக்கருகே அமெரிக்க உளவு விமானமும் சீனப் போர் விமானமும் உரசிக்கொண்டதில் சீன விமானி இறந்தார். தீவில் தரையிறங்கிய 24 அமெரிக்கர்களும், வாஷிங்டன் வருத்தம் தெரிவித்துக் கடிதம் கொடுத்த பிறகு, 11 நாள் கழித்து விடுவிக்கப்பட்டார்கள். வார்த்தைகளை எடைபோட்டு எழுதிய ஒரு கடிதம் அன்று வேலை செய்தது. 2022 ஆகஸ்டில், அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் அன்றைய தலைவர் நான்சி பெலோசி தைவான் சென்ற பிறகு, சீனா ராணுவ மட்டத் தொடர்புகளைத் துண்டித்தது. 2023 நவம்பரில் பைடனும் ஷி ஜின்பிங்கும் சந்தித்த பிறகே அவற்றை மீட்க உடன்பட்டார்கள். இடைப்பட்ட அந்த ஓராண்டுக்கு மேலான காலத்தில் ஹைனான் போல ஒன்று நடந்திருந்தால் யார் யாரிடம் பேசியிருப்பார்கள்?

பீன்யா பட்டறைக்காரர்:
தொடர்பும் உடன்படிக்கையும் நமக்கும் சீனாவுக்கும் இடையில் இருக்கவில்லையா? எல்லையில் அமைதி காக்க 1993இலும் 1996இலும் கையெழுத்திட்டோம். அப்படியும் 2020 ஜூன் 15 இரவில் லடாக் எல்லையின் கல்வானில் நம் வீரர்கள் 20 பேர் இறந்தார்கள். அவர்களில் ராமநாதபுரத்து ஹவில்தார் பழனியும் ஒருவர்.

அல்சூர்வாசி:
அந்த இழப்பை எந்த வாதத்தாலும் ஈடுகட்ட முடியாது. ஆயினும் அவ்வளவு வெறியோடு கல்லாலும் கம்பாலும் அடித்துக்கொண்ட அந்த இரவில் துப்பாக்கி வெடிக்கவில்லை. எல்லைக் கோட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது என்று 1996இல் எழுதிவைத்த விதி அதற்கு ஒரு காரணம். அது இல்லாதிருந்தால் இரண்டு அணுஆயுத நாடுகள் மறுநாள் காலை எங்கே நின்றிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

பீன்யா பட்டறைக்காரர்:
துப்பாக்கி வெடிக்கவில்லை என்பதை ஏற்கிறேன். அதை நான் இந்தக் கோணத்தில் யோசித்ததில்லை. ஆனால் மலைமுகட்டில் எதிரெதிரே நிற்கும் ஆட்களுக்கு எழுதிய விதி அது. தைவான் நீரிணையில் பறக்கும் விமானத்துக்கும், நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வரும் ஏவுகணைக்கும் எந்த இரண்டு கிலோமீட்டரை அளந்து கோடு போடுவீர்கள், ஐயா?