ஏற்காட்டில் மனநலக் கள ஆய்வு: புது ஆய்வாளர்களை எப்படித் தயார் செய்வது?

அஸ்தம்பட்டி வாத்தியார்:
வணக்கம். சமூகப்பணித் துறையில் பிஹெச்.டி. முதலாமாண்டு மாணவிகள் இருவருக்கு நான் வழிகாட்டி. ஏற்காடு எஸ்டேட் லைன் வீடுகள் (தொழிலாளர் குடியிருப்பு வரிசைகள்), மலையாளி பழங்குடிக் கிராமங்கள், சேலம் டவுன் என்று மூன்று இடத்திலும் மனச்சோர்வு, குடிப்பழக்கம் எப்படி வேறுபடுகின்றன, சிகிச்சை யாருக்கு எட்டுகிறது என்பது தலைப்பு. மனச்சோர்வை அளக்கும் பிஹெச்க்யூ-9, குடிப்பழக்கத்தை அளக்கும் ஆடிட் என்ற இரண்டு கேள்வித்தாள்களையும் வைத்து நேர்காணல். இருவருக்கும் கள அனுபவம் இல்லை. இரண்டு நாள் பயிற்சி கொடுத்து அனுப்பினால் போதுமா?

கொண்டை ஊசி:
போதாது சார். கேள்வித்தாளை வாசிக்க இரண்டு நாளில் வந்துவிடும், கேட்கத்தான் வராது. "தூக்கமெல்லாம் நல்லாத்தானே இருக்கு?" என்று வாய் தானாக மாற்றிவிடும். எதிரில் இருப்பவர் "ஆமாங்க" என்பார், மதிப்பெண் பூஜ்யம். ஒப்புதல் வாங்கி முதல் சில நேர்காணல்களைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். இருவரும் தனித்தனியே கேட்டு மதிப்பெண் போடட்டும். மொத்தத்தை மட்டும் ஒப்பிடாதீர்கள். ஒரு கேள்வியில் கூடியது இன்னொன்றில் குறைந்து, கூட்டல் மட்டும் சரியாக வந்து நிற்கும்.

ஆடிட்டில் பெரிய குழி, குடிக்கும் நாளில் எத்தனை டிரிங்க் என்ற இரண்டாம் கேள்வி. அங்கே ஒரு 'டிரிங்க்' என்பது 10 கிராம் ஆல்கஹால். "ஒரு குவாட்டர்" என்றதும் 1 என்று எழுதிவிடுவார்கள். 180 மில்லி, 42.8 சதவீதம் என்றால் சுமார் 61 கிராம், அதாவது ஆறு டிரிங்க். மதிப்பெண் 0 அல்ல, 2. ஒரே அமர்வில் ஆறோ அதற்கு மேலோ குடிப்பது பற்றிய மூன்றாம் கேள்வியும் கூடவே தவறும். கட்டிங் (குவாட்டரில் பாதி) என்றால் மூன்று. இதை அட்டையில் எழுதிக் கையில் கொடுத்துவிடுங்கள்.

லைன் வீடு:
நேரம்தான் முதல் பிரச்சினை. காலை 11 மணிக்கு லைன் வீட்டுக்குப் போனால் வயதானவர்களும் குழந்தைகளும்தான் இருப்பார்கள். வேலைக்குப் போனவர்கள் விடுபட்டால் நீங்கள் தேடும் ஏற்றத்தாழ்வே தாளில் வராது. மாலையிலோ வார விடுமுறையிலோ போகட்டும். ஆள் இல்லாத வீட்டுக்கு மூன்று முறையாவது திரும்பப் போக வேண்டும், பக்கத்து வீட்டை மாற்றாக எடுக்கக் கூடாது.

கங்காணி (எஸ்டேட் மேற்பார்வையாளர்) கூட வந்தால் குடியைப் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ஒப்புதல் படிவத்தில் கைநாட்டு வைப்பவருக்குச் சாட்சியாகவும் அவரைப் போடாதீர்கள். ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) 2017 நெறிமுறைகள் கேட்பது சார்பற்ற சாட்சி.

காபிப் பழப் பறிப்பு சீசனில் மலையிலும் வேறு மாதத்தில் டவுனிலும் எடுத்தால் ஒப்பீடு கெட்டது. பிஹெச்க்யூ-9 கடந்த இரண்டு வாரத்தைத்தான் கேட்கிறது. அதில் சோர்வு, தூக்கம் பற்றிய கேள்விகள் பறிப்பு வேலையாலேயே ஏறிவிடும்.

மாதிரி அளவு: ஒரு கிராமத்துக்கு 20 பேர், ஒரே கிராமத்தவரின் பதில்கள் ஒன்றுபோல் இருக்கும் அளவு (ஐசிசி) 0.05 என்று வைத்தால் 1 + 19 × 0.05 = 1.95 மடங்கு ஆட்கள் வேண்டும். தனித்தனியாக 200 பேர் போதும் என்றால் இங்கே 390 வேண்டும். குறைவான பேரைப் பல கிராமங்களில் எடுப்பது லாபம், ஆனால் பஸ் கிடைக்க வேண்டுமே.

மஞ்சள் கோப்பு:
பிஹெச்க்யூ-9-இன் ஒன்பதாம் கேள்வியை யாரும் சொல்லவில்லை. சாவைப் பற்றிய எண்ணம் இருக்கிறதா என்பது அது. மொத்தம் மனச்சோர்வுக்கான எல்லையான 10-ஐ எட்டாவிட்டாலும், அதில் 1 வந்தாலே அன்றே அடுத்த அடி எடுக்க வேண்டும். "எப்படிச் செய்வதென்று யோசித்தீர்களா, கையில் ஏதாவது இருக்கிறதா?" என்று நேராகக் கேட்கப் பழக்குங்கள். கேட்பதால் எண்ணம் வந்துவிடாது. பூச்சிமருந்து வீட்டில் இருந்தால் அதை அகற்ற வைக்க வேண்டும். ஆபத்து என்று தெரிந்தால் ஆளைத் தனியே விட்டு வரக் கூடாது. உயிருக்கு ஆபத்து என்றால் குடும்பத்திடம் சொல்லுவோம் என்பதை ஒப்புதல் படிவத்திலேயே எழுதிவிடுங்கள்.

அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி-மானஸ் எண் 14416. மலையில் சிக்னல் இல்லாத இடம் உண்டு, எந்த மேட்டில் கிடைக்கும் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்கட்டும். சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவில் யாரிடம் அனுப்புவது என்று களத்துக்கு முன்பே பேசி வையுங்கள்.

அஸ்தம்பட்டி வாத்தியார்:
நன்றி. குவாட்டர் கணக்கு எனக்கே புதுசு. களம் தொடங்கியபின் வாரம் எவ்வளவு நேரம் அவர்களோடு உட்கார வேண்டும்?

மஞ்சள் கோப்பு:
வாரம் ஒரு மணி நேரம், தவறாமல். முதல் பாதி அவர்கள் கேட்டுவந்த கதைகளுக்கு, மறுபாதி தரவுக்கு. வரிசையை மாற்றினால் முதல் பாதிக்கு நேரமே இருக்காது. ஒரு நாளைக்கு நான்கு நேர்காணலுக்கு மேல் போக விடாதீர்கள், நான்காவதுக்குப் பிறகு எழுத்து சுருங்கிவிடும். கட்டுரையில் யார் பெயர் முதலில் என்பதை இந்த மாதமே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள் சார்.