நெருக்கடி நீங்கியும் தறிக்கு ஆள் திரும்பாதது ஏன்?

மருதமுனைத் தறிக்காரர்:
எங்கள் குடும்பம் கைத்தறிச் சாரம் (இடுப்பில் உடுத்தும் துணி) நெய்விக்கிறது. இலங்கையின் 2022 பொருளாதார நெருக்கடியில் நூலும் சாயமும் எட்டாத விலைக்கு ஏறியபோது பாதித் தறிகளை நிறுத்தினோம். இப்போது கடைக்காரர்கள் மீண்டும் சாரம் கேட்கிறார்கள், நூலும் கிடைக்கிறது, ஆனால் நெய்ய ஆளில்லை. ஒருவர் மேசன் வேலைக்குப் போய்விட்டார், இன்னொருவர் கட்டாரில் இருக்கிறார். அதிர்ச்சி தற்காலிகமென்றால் அதன் விளைவும் தற்காலிகமாகத்தானே இருக்க வேண்டும்?

கல்முனை ஆசிரியர்:
சகோதரரே, அதிர்ச்சி எத்தனை மாதம் நீடித்தது என்பதைவிட, அந்த மாதங்களில் எது அறுந்தது என்பதே முக்கியம். அறுந்த பாவிழை (தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்), இழைகளைப் பிரித்து நிறுத்தும் அச்சின் எந்தப் பல்லுக்கு உரியதென்று விரலாலேயே அறிந்து முடிச்சிடும் ஒருவருடைய திறமைக்குக் கட்டட வேலையில் விலையில்லை. அவர் போனதும் உங்களுக்கும் அது இல்லாமற் போகிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் நீண்டகாலம் ஒரே நிறுவனத்தில் உழைத்து, 1980களின் ஆட்குறைப்பில் வேலையிழந்தவர்களின் வருமானம், ஐந்தாறு ஆண்டுகள் கழிந்தும் ஏறத்தாழ 25 சதவீதம் குறைவாகவே இருந்ததென 1993இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. மாறாக, 2009இல் ஜெர்மனியின் உற்பத்தி கடுமையாகச் சரிந்தபோது, வேலைநேரத்தைக் குறைத்து, இழந்த சம்பளத்தின் ஒரு பகுதியை அரசு ஈடுசெய்ததால், அங்கு வேலையின்மை பெரிதாக ஏறவில்லை.

காத்தான்குடி வியாபாரி:
ஆசிரியர் முதலாளியின் பக்கத்தைத் தொடவில்லை. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி, மற்ற வங்கிகளின் வட்டிக்கு அடிப்படையான கொள்கை வட்டி வீதங்களை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. நூலைக் கடனுக்கு எடுத்துச் சாரம் விற்றபின் அடைப்பவருக்கு, வட்டி பின்னர் இறங்கினாலும், இடையில் விற்றுவிட்ட தறி திரும்பி வருவதில்லை. பணவீக்கம் 2022 செப்டெம்பரில் 70 சதவீதத்தை நெருங்கி, ஓராண்டில் 2 சதவீதத்துக்கும் கீழே வந்தது உண்மைதான். ஆனால் ஏறிய விலைகள் ஏறிய இடத்திலேயே நிற்பதால், பழைய கைமுதலுக்கு முன்பு வாங்கிய நூலில் பாதிகூட வராது.

பாண்டிருப்பு வாசகி:
நெய்தவரின் வீட்டிலிருந்து எழுதுகிறேன். கொரோனா முடக்கத்தை ஒட்டி 2020 மே மாதம் அரசும் முதலாளிமாரும் தொழிற்சங்கங்களும் செய்த உடன்பாட்டின்படி, வேலையின்றி வீட்டிலிருந்த ஊழியருக்கு அடிப்படைச் சம்பளத்தின் பாதி அல்லது 14,500 ரூபாய், இவற்றில் கூடியது கிடைக்க வேண்டியிருந்தது. சாரத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் எங்களுக்குச் சம்பளப் பட்டியலும் இல்லை, சேமலாப நிதியும் இல்லை. தறி நின்றதும் நகை அடைவுக்குப் போனது. அதை மீட்க அன்றாடம் காசு தரும் வேலையே வேண்டியிருந்தது. ஆளில்லை என்கிறீர்கள், சரி. சாரம் ஒன்றுக்கு 2021இல் எவ்வளவு கூலி கொடுத்தீர்கள், இப்போது எவ்வளவு கொடுக்கிறீர்கள், தறி நிற்கும் மாதத்தில் முற்பணம் ஏதும் தருவீர்களா?