மார்கரீட்டா கசக்குதுங்க, தப்பு எங்கே?

நொய்யல்கரையான்:
வணக்கமுங்க. போன மாதம் துபாயிலிருந்து வந்த மச்சான் மெக்சிகோ சாராயமான டெக்கீலா ஒரு பாட்டில் கொண்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை பல்லடம் பக்கம் எங்கள் தோட்டத்துச் சாளையில் நாலு பேர் சேர்ந்தோம், அதில் எலுமிச்சையும் ஆரஞ்சு மதுவும் கலக்கிற மார்கரீட்டா போட்டுப் பார்க்கலாம் என்று இறங்கினோம். அளவெல்லாம் சரியாகத்தான் எடுத்தேன்: டெக்கீலா 50 மில்லி, ஆரஞ்சு மது 20, எலுமிச்சைச் சாறு 15. ஆரஞ்சு மது மட்டும் கைக்குக் கிடைக்கவில்லை, அதனால் கமலா ஆரஞ்சுத் தோலை வோட்காவில் நாலு நாள் ஊறப்போட்டு நானே ஒன்று தயார் செய்தேன். குடித்தால் வேப்பங்கொழுந்தை மென்ற மாதிரி இருக்கிறது. முதல் மடக்கில் புளிப்பு, முழுங்கின பிறகு அடிநாக்கில் கசப்பு, அது போகவே மாட்டேன் என்கிறது. டம்ளர் விளிம்பில் வைத்த உப்பும் கரித்தது. மச்சான் டம்ளரைக் கீழே வைத்தவர் திரும்ப எடுக்கவே இல்லை. டெக்கீலாவே மட்டமோ? பாட்டில் தங்க நிறத்தில் இருக்கிறது.

சிறுவாணித்தண்ணி:
டெக்கீலா மேல் பழி போடுவதற்கு முன்னால் நாலு கேள்வி. பாட்டிலில் நூறு சதம் அகாவே, அதான் டெக்கீலா எடுக்கிற கற்றாழை மாதிரிச் செடி, என்று போட்டிருக்கிறதா? எலுமிச்சையை எப்போது பிழிந்தீர்கள், எதில் பிழிந்தீர்கள்? ஆரஞ்சுத் தோலை உரித்தது உரித்தபடி போட்டீர்களா? அந்த வோட்காவில் சர்க்கரை எவ்வளவு சேர்த்தீர்கள்?

நொய்யல்கரையான்:
நூறு சதம் என்று எங்கேயும் காணோம். எலுமிச்சை இருபது பழம், காலையிலேயே மச்சான் சாளை வாசலில் உட்கார்ந்து பிழிந்து வைத்தார், அலுமினிய அழுத்தியில், தோல் உள்ளே வெளியே திரும்புகிற வரைக்கும், சொட்டு வீணாகக் கூடாது என்று. குடித்தது ராத்திரி எட்டு மணிக்கு. ஆரஞ்சுத் தோல் உரித்தது உரித்தபடிதான் போட்டேன். சர்க்கரையா? அதில் எதற்குச் சர்க்கரை?

சிறுவாணித்தண்ணி:
அங்கேதான் மாட்டிக்கொண்டீர்கள். கடையில் விற்கிற ஆரஞ்சு மது, அதான் ட்ரிப்பிள் செக், குவான்ட்ரோ எல்லாம் இனிப்பு மது. குவான்ட்ரோ 40 சதம் சாராயம், ஆனாலும் நல்ல தித்திப்பு. இந்தக் கலவையில் எலுமிச்சைப் புளிப்புக்கு எதிர்த் தட்டில் நிற்பது அந்தத் தித்திப்பு ஒன்றுதான், வேறு இனிப்பே கிடையாது. நீங்கள் ஊற்றின 20 மில்லி வெறும் தோல் ஊறின வோட்கா. தராசில் ஒரு தட்டைக் கழற்றி வைத்துவிட்டு எடை போட்ட மாதிரி.

அடுத்தது தோல். வாசம் மேலே இருக்கும் நிறப் பகுதியில் இருக்கிறது, கசப்பு அதற்கு அடியில் இருக்கும் வெள்ளையில். நாலு நாள் சாராயத்தில் ஊறினால் அந்தக் கசப்பு முழுக்க இறங்கிவிடும். உருளைக்கிழங்கு சீவுகிற கத்தியால் மேல் நிறத்தை மட்டும், வெள்ளை ஒட்டாமல், தாள் மாதிரி சீவிப் போடுங்கள். ஒரு நாள் போதும். வடிகட்டி, சர்க்கரையும் தண்ணீரும் சம அளவில் காய்ச்சி ஆறவைத்த பாகைச் சரிபாதி சேருங்கள்.

ஊத்துக்குளி வெண்ணெய்:
எலுமிச்சையையும் விடாதீர்கள். பிழிந்து வைத்த சாறு நேரம் ஆக ஆகத் தானாகவே கசக்கும், தோலும் விதையும் நசுங்கியிருந்தால் இன்னும் மோசம். எங்கள் வீட்டில் மோருக்கு எலுமிச்சை பிழிந்தாலே விதை விழுந்ததும் எடுத்துவிடச் சொல்லுவார் அம்மா. குடிக்கப் போகும்போது அறுத்து, கையால் மெதுவாகப் பிழிந்தால் போதும். பழத்துக்குக் குறை சொல்ல முடியாது, மெக்சிகோவில் லிமோன் என்று போடுவதும் நம்ம ஊர் மெல்லிய தோல் சின்ன எலுமிச்சையும் ஒரே இனம்தான். வெளிநாட்டுப் படங்களில் பார்க்கிற பெரிய பச்சைப் பழம்தான் வேறு ரகம்.

உப்பு தூள் உப்பா? அது மாவு மாதிரி ஒட்டிக்கொண்டு வாய் முழுக்கக் கரிக்கும். கல் உப்பை அம்மியில் ஒரு இழுப்பு இழுத்தால் ரவை பதத்துக்கு வரும். டம்ளர் விளிம்பின் வெளிப்பக்கம் மட்டும், அதுவும் பாதி வட்டம் வைத்தால், வேண்டும் என்கிறவர் அந்தப் பக்கம் குடிப்பார்.

பொள்ளாச்சித் தென்னை:
நடுவில் ஒரு சந்தேகம். ரயில் ரோட்டு ஓரம் ஆனைக்கற்றாழை இருக்கிறதே, அதுவும் அகாவேதானே? அதில் டெக்கீலா எடுக்கலாமா?

சிறுவாணித்தண்ணி:
சாமி, அந்த வேலையே வேண்டாம். குடும்பம் ஒன்று, செடி வேறு. டெக்கீலா என்று பேர் வைக்க நீல அகாவே வேண்டும், அதுவும் மெக்சிகோவில் ஹாலிஸ்கோ மாநிலத்திலும் இன்னும் நாலு மாநிலத்தின் சில பகுதிகளிலும் விளைந்ததுதான். செடி முற்ற ஆறேழு வருஷம் ஆகும், இலையைச் செதுக்கிவிட்டு நடுக் கிழங்கை வேகவைத்துச் சாறெடுப்பார்கள். வீட்டில் சாராயம் காய்ச்சினால் போலீஸ் வரும். அந்தக் கற்றாழைச் சாறு பட்டால் உடம்பெல்லாம் அரிக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

நொய்யல்கரையான் பாட்டிலைப் பற்றி: நூறு சதம் என்று இல்லாவிட்டால் அகாவே குறைந்தது 51 சதம், மீதி வேறு சர்க்கரை. தங்க நிறம் பல பாட்டில்களில் காரமல், அதான் கருக்கின சர்க்கரை, போட்டு வருவதுதான். ஆனால் இந்தக் கசப்பு அதனால் வந்தது இல்லை. ஒவ்வொன்றையும் தனித்தனியாக நக்கிப் பாருங்கள், குற்றவாளி தானாக மாட்டும்.

நொய்யல்கரையான்:
பார்த்தேனுங்க. நாலு ஸ்பூன் வரிசையாக வைத்தேன். டெக்கீலா மிளகு மாதிரி சுருக்கென்றது, கசப்பில்லை. புதுசாகப் பிழிந்த சாறு சுத்தமான புளிப்பு. ஃப்ரிஜ்ஜில் மிச்சமிருந்த பழைய சாறு லேசாகக் கசந்தது. ஆரஞ்சு வோட்கா ஒரு சொட்டுதான் வைத்தேன், நாக்கு சுருண்டுவிட்டது. மிச்சம் முக்கால் பாட்டிலையும் வாழைக்கு ஊற்றிவிட்டேன்.

நேற்று திரும்பப் போட்டேன். ஆரஞ்சே இல்லாமல் ஒன்று, நிறத்தோல் மட்டும் சீவிப் பாகு சேர்த்த வோட்காவில் ஒன்று. ரெண்டும் கசக்கவில்லை. ஆனால் தண்ணியாக இருந்தது. தூக்குப் போசியில் ஐஸ் போட்டு ரெண்டு நிமிஷம் குலுக்கினேன்.

ஊத்துக்குளி வெண்ணெய்:
ரெண்டு நிமிஷமா! பதினைந்து விநாடி போதும், வெளிப்பக்கம் வேர்த்துக் கை சில்லிட்டால் நிறுத்துங்கள். போசி மூடி நிற்காது, வாய் அகன்ற ஊறுகாய் பாட்டில் நல்லது. ஐஸும் ஃப்ரீசரிலிருந்து நேராக எடுத்த பெரிய கட்டியாக இருக்கட்டும், தட்டில் வெளியே வைத்துக் கரைந்துகொண்டிருக்கிறது வேண்டாம்.

ஆரஞ்சு இல்லாமல் போட்டது நல்ல யோசனை. 1990களில் சான் பிரான்சிஸ்கோவில் டாமீஸ் என்கிற உணவகத்து ஹூலியோ பெர்மெஹோ ஆரஞ்சு மதுவுக்குப் பதில் அகாவே பாகு ஊற்றிச் செய்ததுதான் டாமீஸ் மார்கரீட்டா. அகாவே பாகுக்குப் பதில் நான் கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரைப் பாகு போடுவேன்.

சிறுவாணித்தண்ணி:
நாட்டுச் சர்க்கரை வேண்டாம் என்பேன். வெல்ல வாசம் டெக்கீலாவை முழுங்கிவிடும், அப்புறம் பானகம் குடித்த மாதிரி இருக்கும்.

ஊத்துக்குளி வெண்ணெய்:
பானகத்துக்கு என்ன குறைச்சல்?

நொய்யல்கரையான்:
இன்னொரு விஷயம், இதற்குச் சம்பந்தம் உண்டா தெரியவில்லை. மச்சானுக்கு அன்றைக்கு ரெண்டு நாள் கழித்து விரல் இடுக்கிலும் மணிக்கட்டிலும் தீப்பட்ட மாதிரி எரிச்சல், இப்போது கருப்பாகத் திட்டு விழுந்திருக்கிறது. எண்ணெய் சுட்டது என்று அக்கா சொல்லுகிறாள், ஆனால் அவர் அடுப்புப் பக்கமே போகவில்லை.

சிறுவாணித்தண்ணி:
வெயிலில் உட்கார்ந்து பிழிந்தாரா?

நொய்யல்கரையான்:
ஆமாங்க, பத்து மணியிலிருந்து.

சிறுவாணித்தண்ணி:
அதுதான். எலுமிச்சைத் தோல் எண்ணெய் கையில் இருக்கும்போது வெயில் பட்டால் தோல் வெந்துபோகும், மார்கரீட்டாப் புண் என்றே அதற்குப் பேர் உண்டு. எரிச்சலும் கொப்புளமும் இருந்தால் தோல் டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். கருப்பு மறைய வாரக் கணக்கில், சிலருக்கு மாதக் கணக்கில் ஆகும். வெயில் படாமல் முழுக்கைச் சட்டை போடட்டும். அடுத்த தடவை நிழலில் பிழிந்து, சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வாசலுக்கு வரட்டும்.

நொய்யல்கரையான்:
சொன்னேன். இனிமேல் அவருக்கு உப்பு அரைக்கிற வேலை மட்டும்தானாம்.