செங்கோட்டைப் பாதையில் பாசஞ்சர் எங்கே நிற்கும் என்று முன்னாலேயே தெரிந்துகொள்ள முடியுமா?

கல்லிடைக்காரி:
தினமும் கல்லிடைக்குறிச்சியில் காலை பாசஞ்சர் ஏறி நெல்லை ஜங்ஷன் போகிறேன். ஜவுளிக்கடையில் கணக்கு எழுதும் வேலை. ஒன்பதரைக்குள் கைரேகை வைக்க வேண்டும். மூன்று நாள் பிந்தினால் அரைநாள் சம்பளம் போய்விடும். போன மாதம் ஏழு நாள் பிந்திவிட்டேன்.

வண்டி லேட்டாக வந்தால்கூடப் பரவாயில்லை, பஸ்ஸுக்குப் போய்விடலாம். ஆனால் சரியான நேரத்துக்கு வந்து, நம்மை ஏற்றிக்கொண்டு, சேரன்மகாதேவியில் போய் நின்றுவிடுகிறது. ஐந்து நிமிடமா அரைமணியா என்று ஒருவரும் சொல்வதில்லை. ஒருநாள் பொறுக்க முடியாமல் இறங்கி ரோட்டுக்கு நடந்தேன். பாதி வழியில் ஹாரன் சத்தம், வண்டி கிளம்பிவிட்டது. அன்றைக்கு அழுகையே வந்துவிட்டது. யாராவது வழி சொல்லுங்கள்.

பேட்டை அண்ணாச்சி:
தங்கச்சி, நான் ஸ்டேஷன் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மதுரை - நெல்லை இரட்டைப் பாதை ஆகிவிட்டது, உங்கள் பாதை இன்னும் ஒற்றைப் பாதைதான். எதிர் வண்டி வந்து சேராமல் உங்கள் வண்டிக்கு சிக்னல் விழாது. எக்ஸ்பிரஸ் என்றால் அதைத்தான் முதலில் விடுவார்கள். அதனால் வீட்டை விட்டுக் கிளம்புமுன் உங்கள் வண்டியைப் பார்க்காதீர்கள், ஜங்ஷனில் இருந்து எதிரே வரும் வண்டி கிளம்பிவிட்டதா என்று செல்லில் பாருங்கள். அது பிந்தினால் கிராசிங்கும், அதாவது இரண்டு வண்டியும் ஸ்டேஷனில் ஒன்றுக்கொன்று வழிவிட்டுக் கடப்பதும், பிந்தும். இன்னொன்று, ஜங்ஷனுக்கு முந்தின கடைசித் துண்டுக்கு அட்டவணையில் சில நிமிடம் கூடுதலாகவே வைத்திருப்பார்கள். பத்து நிமிடத் தாமதம் அதிலேயே சரியாகிவிடலாம், இறங்கிவிடாதீர்கள்.

நாசரேத் வாசகன்:
எங்கள் திருச்செந்தூர் பாதையும் ஒற்றைதான். 2023 டிசம்பர் 17 ராத்திரி வெள்ளத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸை ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தினார்கள். சுமார் 800 பேர் இருந்தார்கள். அதற்கு அப்பால் தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லியே இல்லை. நிறுத்தியதால்தான் அத்தனை உயிரும் பிழைத்தது, அதை யாரும் குறை சொல்ல மாட்டோம். தினசரி கிராசிங் அப்படியில்லையே! மைக்கில் "இருபது நிமிடம் ஆகும்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கொரோனாவுக்குப் பிறகு 10 ரூபாய் டிக்கெட்டை 30 ஆக்கி, 2024-இல்தான் குறைத்தார்கள். அந்த 30 ரூபாய் கொடுத்த காலத்திலும் இந்த ஒரு வார்த்தை கிடைக்கவில்லை.

கல்லிடைக்காரி:
அண்ணாச்சி, இன்றைக்குப் பார்த்தேன். எதிர் வண்டி ஜங்ஷனை விட்டே கிளம்பவில்லை. நேரே பஸ் ஏறி 9:20-க்குப் போய்விட்டேன். ரொம்ப நன்றி. சாயங்காலம் திரும்பி வரும்போது தென்காசிப் பக்கம் இருந்து வருகிற வண்டியைத்தானே பார்க்க வேண்டும்?