‘ஹொட் டெஸ்க்’குக்குத் தமிழ் வேண்டும், திங்கள் மாலைக்குள்

மொழிபெயர்ப்பாளர், உப்புவெளி:
வணக்கம். ஒரு பல்கலைக்கழக அலுவலகத்தை மாற்றியமைக்கும் திட்ட அறிக்கை கையில் இருக்கிறது. விரிவுரையாளர்களுக்கு இனிச் சொந்த மேசை கிடையாது. 10 பேருக்கு 6 மேசை. முதலில் வருபவர் விரும்பியதில் அமரலாம், மாலையில் வெறுமையாக்கிவிட்டுப் போக வேண்டும். இதற்குத்தான் ஆங்கிலத்தில் ‘ஹொட் டெஸ்க்’, சூடான மேசை, என்று பெயர். சிங்களப் பிரதி போய்விட்டது, தமிழ்தான் பாக்கி. ‘சுடுமேசை’ என்று எழுதிப் பார்த்தேன். “அதில தோசை சுடலாமா அம்மா?” என்றாள் மகள். உதவுங்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், சாம்பல்தீவு:
தங்கச்சி, ‘மாறிருக்கை’ என்று எழுதுங்கள். மாறு + இருக்கை. குற்றியலுகரம் கெட்டு அழகாகப் புணர்கிறது. முக்காலமும் ஒளிந்திருக்கும் வினைத்தொகை. மேசை வேண்டாம், அது போர்த்துக்கீசச் சொல். கோணேசர் கோயிலை இடித்த கல்லில் கோட்டை கட்டியவர்களிடமா சொல்லுக்கும் போய் நிற்பது?

கணித ஆசிரியர், மூதூர்:
ஐயா, கதிரையும் அலுமாரியும் அவர்களுடையவைதான். மூன்றையும் வெளியே போட்டால் மிஞ்சுவது பாய். அறிக்கை கேட்பதைவிடச் சிக்கனம்! மாறி என்றால் என் மாணவர்களுக்கு எக்ஸ், வை. அதைவிடப் பெரிய சிக்கல் ‘இருக்கை’. ஹார்வர்ட் தமிழ் இருக்கைக்குக் காசு சேர்த்த பிறகு, பல்கலைக்கழகத்தில் இருக்கை என்றாலே பேராசிரியர் பதவி. பதவியே சுற்றுக்கு விடப்படுகிறது என்று பீடாதிபதி பயந்துவிடுவார். தொல்காப்பியரே திசைச்சொல்லுக்கு இடம் விட்டிருக்கிறாரே, மேசை இருந்துவிட்டுப் போகட்டும்.

தமிழாசிரியர்:
தொல்காப்பியர் சொன்னது செந்தமிழ் சேர்ந்த பன்னிரு நிலம். லிஸ்பன் அதில் பதின்மூன்றாவது அல்ல. நன்னூலார்தான் தமிழ் ஒழிந்த 17 நிலங்களுக்கும் கதவைத் திறந்தார். அந்தக் கதவால் மேசை வந்ததென்றால் ‘பலகை’ எங்கே போனது? மாறுபலகை என்றாவது எழுதலாம்.

கணித ஆசிரியர்:
கரும்பலகை, அறிவித்தற்பலகை, மாறுபலகை. ஆணி அடித்து மாட்டிவிடுவார்கள், ஐயா.

முன்னாள் துறைமுக ஊழியர், திருக்கடலூர்:
‘ஹொட்’ எங்கிருந்து வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. கடற்படைக்காரர் கதை அது. நீர்மூழ்கியில் ஆளுக்கொரு படுக்கைக்கு இடமில்லை. காவல் முடிந்து வருபவர், எழுந்து போனவரின் படுக்கையிலேயே விழுவார். முன்னவரின் உடம்புச் சூடு ஆறியிருக்காது. அந்தச் சூடுதான் பிறகு மேசைக்கு ஏறியது. 1957 வரை பிரிட்டிஷ் கடற்படை நின்ற திருகோணமலைத் துறையில் இருந்துகொண்டு தோசைக்கல்லைத் தேடுகிறோம்! நம்மிடமும் இது உண்டு. கரைவலைக்காரர் ஒரே பாட்டில் முறை வைத்துத்தானே வலை வளைக்கிறார்கள். பாடு என்பது வலை வளைக்கிற கரைத்துண்டு. ‘பாட்டு மேசை’ என்று வைத்தால் என்ன?

கணித ஆசிரியர்:
ஆர்மோனியம் வைக்கிற மேசை என்பார்கள். ஆனால் நீங்கள் போகிறபோக்கில் சொன்ன ‘முறை’ நல்ல சொல், அண்ணை. வயலுக்குத் தண்ணீர் முறை, கோயிலில் பூசை முறை. முறைமேசை!

தமிழாசிரியர்:
முறை என்றால் யாருக்கு எப்போது என்று முன்பே தீர்ந்திருக்க வேண்டும். இங்கே முந்தியவருக்கு மேசை. இதில் எங்கே முறை? இது முறைகேடு.

மொழிபெயர்ப்பாளர்:
ஐயா சொல்வது சரி. அறிக்கையும் இரண்டாகப் பிரிக்கிறது: முந்தி வந்து பிடிப்பது ஒன்று, முன்பதிவு செய்வது மற்றது. பின்னதுக்கு ‘பதிவு மேசை’ என்று போட்டால் பதிவாளரின் மேசையாகிவிடும். அதை ‘முன்பதிவு மேசை’ என்று நீட்டி எழுதிவிட்டேன்.

நேற்று ஒரு சந்தேகம் தீர்க்க அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். மூத்த விரிவுரையாளர் ஒருவரின் மேசையில் கண்ணாடி விரித்திருந்தது. அடியில் பிள்ளையார், மகனின் பாடசாலைப் படம், ஓரம் மஞ்சளித்த 2011 நாட்காட்டி. “இதையெல்லாம் தினமும் பின்னேரம் எடுத்து எங்க பிள்ளை வைக்கிறது?” என்றார். லொக்கர் தருவார்களாம் என்றேன். அலுவலக உதவியாளர் புதிய மேசைகளுக்கு ஏற்கெனவே ‘வந்தவர் மேசை’ என்று பெயர் வைத்துவிட்டார். எனக்கு அதுவே பிடித்தது, அறிக்கையில் எழுதத்தான் துணியவில்லை.

நம் குழுவில் முறைமேசைக்கு 5 பேர், மாறிருக்கைக்கு 2 பேர், மற்றவர்கள் பதில் போடவில்லை. ஐயா சொன்ன குறை இருந்தாலும் முறைமேசை என்றே வைக்கிறேன். முதல் தடவை வருமிடத்தில் ‘பலர் மாறி மாறிப் பயன்படுத்தும் மேசை’ என்று விளக்கத்தோடு எழுதி, இன்றிரவு அனுப்புகிறேன். எல்லோருக்கும் நன்றி.

தமிழாசிரியர்:
எனக்கு உடன்பாடில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அது கிடக்கட்டும், லொக்கருக்கு என்ன எழுதினீர்கள்? ‘பெட்டகம்’ என்று கேள்வி. பெட்டகம் நகை வைப்பது, தங்கச்சி. ‘பேழை’ என்று எழுதுங்கள்.